நான் எழுதிய நாற்பது சீட்டுகள்

ரேவதி,

இந்த வீட்டிலிருந்து உனக்குத் தபாலில் வருகிற முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும். ஆம்பூரில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் நீ வேலை பார்க்கிற பாகாயம் வந்துவிடலாம். ஞாயிறு தவறாமல் வந்து போகிற மகளுக்குக் கடிதம் என்ன வேண்டியிருக்கிறது என்று நீ நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை உன் நம்பரை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். போனில் ஆரம்பித்தால் நான் பாதி சொல்வதற்குள் நீ "பரவால்லப்பா, வுடு" என்று சொல்லிவிடுவாய். உன் குணம் அது. அந்த வார்த்தையைக் கேட்டுக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நீ குறுக்கே பேச முடியாமல் கடைசி வரை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபாலில் போடுகிற வரைக்கும் உறையை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். உன் அம்மா படிக்கலாம், என்னோடு கம்பெனியில் இருபது வருஷமாக வேலை செய்கிற காதர் பாய் படிக்கலாம், யார் கேட்டாலும் கொடுப்பேன். உன்னைப் பற்றிய பெருமையை ஊர் முழுக்கப் பேசியவன் தன் தப்பை மட்டும் காதோடு காதாகச் சொல்வது முறையில்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் ஆராய்ச்சி கெட்டுப்போனதே, அதைக் கெடுத்தவன் நான். நீ குப்பிகளை மாற்றி வைக்கவில்லை. நீ எதையும் கை தவற விடவில்லை. நான் உன்னிடம் கொடுத்தபோதே அந்தக் குப்பிகளின் மேலிருந்த சீட்டுகள் பொய்யாகத்தான் இருந்தன. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தே மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டின மேடம் கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னாய். பெங்களூரில் மறுபடியும் அதே வேலையை ஆரம்பிக்கிறார்கள், உன்னைத்தான் முதலில் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்று சொன்னாய். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நீயோ குழம்பை ஊற்றிக்கொண்டே, "முடியாதுன்னு எழுதிடப் போறேம்மா. என் கைய நம்பி இனிமே யாரும் ஒண்ணும் குடுக்க வேணாம்" என்றாய். சொல்லிவிட்டு உன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். யாரோ அடுத்தவர் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாய். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தக்கூட இல்லை ரேவதி, தொடர்ந்து சாப்பிட்டேன். மோர் ஊற்றச் சொல்லிக் கேட்டேன்.

உன் அப்பனுக்கு ஒரு வியாதி உண்டு, உனக்கும் அது தெரியும். தெரியாது என்ற சொல் என் வாயில் வராது. நீ ஏழாவது படிக்கும்போது ஏலகிரிக்கு ஸ்கூட்டரில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மலைக்குக் கீழே பொன்னேரியில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேராகத் திருப்பத்தூர் வரைக்கும் போய்விட்டேன். வழியில் எத்தனை டீக்கடை, எத்தனை ஆட்கள். அம்மா பின்னாலிருந்து "யாரையாவது கேளுங்களேன்" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை. திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, "இங்க பொரி நல்லா இருக்கும்னுதான் இப்படி வந்தேன்" என்றேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் நான் எதையாவது மழுப்பினால் "பொரி வாங்க வந்தியாப்பா?" என்று கேட்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டதால் அது ஒரு குற்றமாகவே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவனுக்கு வீட்டில் எல்லோரும் செல்லம் கொடுத்து வைத்திருந்தோம்.

அந்த வியாதிக்குத் தீனி போட்டது என் வேலை. தோலைத் தொட்டுப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். நம் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரன் வெள்ளாடு என்றுதான் சொல்வான். உரித்து உப்புப் போட்ட பிறகு தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் மயிரை நீக்கிய தோலில் விரலை ஓட்டினால் எனக்குத் தெரியும். வெள்ளாட்டுக்கு மயிர்க்கால் வரிசை கட்டி நிற்கும், செம்மறிக்குக் கொத்துக் கொத்தாக இருக்கும். அது வரைக்கும் சரி. அதற்கு மேலும் ஒரு வித்தை காட்டுவேன். காதர் பாய் ஒரு தோலை எடுத்து விரித்து, "மேஸ்திரி, இது எந்த ஊரு?" என்பார். நான் புரட்டிப் பார்த்துவிட்டு "ஆலங்காயம்", "குப்பம்", "பேரணாம்பட்டு" என்று சொல்வேன். பத்துக்கு ஏழெட்டு சரியாக வரும். தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்தால்கூட முதலாளி என்னைக் கூப்பிட்டு இதைச் செய்து காட்டச் சொல்வார். கை தட்டுவார்கள். நான் அந்தத் தோலில் எதைப் படித்தேன் என்பது எனக்கே அப்போது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ இந்தப் படிப்புக்குள் போனபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீவராசிகளின் சொந்தபந்தம் தேடுகிற படிப்பு என்றாய். "கல்யாண புரோக்கர் வேலையா?" என்று கிண்டல் செய்தேன். ஒருநாள் நாம் பாயா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் தட்டிலிருந்து ஒரு எலும்பை எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாய். ஆட்டின் கணுக்கால் எலும்பு, கிணற்றுக் கப்பி மாதிரி மேலும் கீழும் வழவழப்பாகப் பள்ளம் விழுந்தது. "இந்த மாதிரி எலும்பு ஆடு, மாடு, மான், பன்னி, இதுங்களுக்குத்தாம்ப்பா இருக்கும். இப்ப கேளு. திமிங்கலத்தோட பழைய முன்னோருக்குக் கால் இருந்தது. அதோட எலும்பு கல்லாகிக் கெடச்சிருக்கு. அதுலயும் இதே எலும்பு" என்றாய். நான் நம்பவில்லை. "மீனுக்கும் ஆட்டுக்கும் சொந்தமா, போம்மா" என்றேன். "திமிங்கலம் மீனே இல்லப்பா. தண்ணில வாழ்றதால மீன் மாதிரி ஆயிடுச்சி. வாழ்ற எடம் ஒண்ணுன்னா உருவம் ஒண்ணா ஆயிடும், அது சொந்தம் இல்ல. எங்கேருந்து வந்துதோ அதுதான் சொந்தம்" என்றாய். மறுநாள் கம்பெனியில் அதை என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி எல்லோருக்கும் சொன்னேன். நீ சொன்னதில் பாதியைத்தான் சொன்னேன், திமிங்கலத்துக்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம் நீர்யானை என்றாயே, அதை விட்டுவிட்டேன்.

ரத்தத்திலும் சதையிலும் இருக்கிற டி.என்.ஏ. எழுத்துகளை வைத்து எப்படிக் கிளை பிரிக்கிறார்கள் என்று நான் கேட்டபோது நீ அம்மாவைக் கூப்பிட்டாய். ஷூ கம்பெனியில் பதினாறு வருஷம் மேல்பாகம் தைத்தவள். "அம்மா, கட்டிங்குக்கு அட்டையில பேட்டர்ன் வெட்டுவீங்க இல்ல, ஒண்ண பாத்து ஒண்ணு வெட்டுவீங்க இல்ல? ஒருத்தர் கை தவறி ஒரு எடத்துல கூடுதலா ஒரு வெட்டு போட்டுட்டா?" என்றாய். அம்மா உடனே, "அத பாத்து வெட்டுன எல்லா அட்டையிலும் அந்த வெட்டு வரும். எந்த லைன்ல தப்பு ஆரம்பிச்சிதுன்னு சூப்பர்வைசர் அப்படித்தான் கண்டுபிடிப்பாரு" என்றாள். "அவ்ளோதாம்மா. ஒரே தப்பு ரெண்டு ஜீவன்கிட்ட இருந்தா, ரெண்டும் ஒரே அட்டையில இருந்து வந்ததுன்னு அர்த்தம். புதுசா புதுசா விழற தப்ப வரிசையா வெச்சா யாருக்கு யார் கிட்ட, யாருக்கு யார் தூரம்னு கிளை கிளையா தெரியும்" என்றாய். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அதையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் நீ நம் மலையோரத்துச் செம்மறிகளை எடுத்துக்கொண்டாய். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலை அடிவாரத்தில் வளர்கிற சின்ன உருவச் செம்மறி, கீழே சமவெளியில் இருக்கிற செம்மறியின் கிளையா, ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த கிளையா, தனிக் கிளையா என்பது உன் கேள்வி. மலைக்குப் போய் ஊர் ஊராக ஆடு வளர்ப்பவர்களைப் பார்த்துக் காதோரம் ஒரு துணுக்கு எடுத்து வருகிறேன் என்று கிளம்பினாய். நான்தான் தடுத்தேன். "நீ எதுக்கு வெயில்ல மலை ஏறுற? எல்லா ஊருத் தோலும் என் காலடிக்குத்தான வருது. நான் வெட்டித் தர்றேன்" என்றேன். பெண் பிள்ளை தனியாக மலையில் சுற்ற வேண்டாம் என்ற பயமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது ஆசை. என் மகளின் பெரிய படிப்பில் என் கைக்கும் ஒரு இடம் வேண்டும் என்ற ஆசை.

நாற்பது சின்னக் குப்பிகள் கொடுத்தாய். உள்ளே ஸ்பிரிட். கூடவே கையுறை, பிளேடு, நாற்பது சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஊர், தேதி, யார் ஆடு. எனக்குக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னாய்: "தோல் கட்டு மேல இன்னா ஊரு எழுதி இருக்கோ அத மட்டும் எழுதுப்பா. தெரியலன்னா தெரியலன்னு எழுது. அதுவும் எனக்கு உபயோகம்தான்." நான் "எனக்கேம்மா பாடம் எடுக்கற?" என்றேன்.

முதல் இருபத்தைந்தும் ஒழுங்காகச் செய்தேன். கட்டைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்று, கட்டின் மேல் கட்டியிருந்த அட்டையில் என்ன ஊர் இருந்ததோ அதை எழுதினேன். யார் ஆடு என்பது அட்டையில் இருக்காது. அந்த இடத்தில் தோல் கொண்டுவந்த வியாபாரி பேரை எழுதினேன். மிச்சம் பதினைந்தும் மலையோரத்துத் தோல்களாக இருக்க வேண்டும் என்றாய். அந்த லோடு ஒரு சனிக்கிழமை வந்தது. நான் முதலாளி அறையில் ஒரு பையரோடு மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் லோடு ஆட்கள் வழக்கப்படி கட்டைப் பிரித்து, சின்னது ஒரு குவியல், பெரியது ஒரு குவியல், வெட்டுப் பட்டது ஒரு குவியல் என்று வீசி முடித்துவிட்டார்கள். அட்டைகள் தரையில் உப்புத் தண்ணீரில் கிடந்தன. மலையோரம், ஆந்திரா பக்கம் என்று நாலு ஊர்த் தோலும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அவர்கள் மேல் தப்பே இல்லை. எங்கள் கிடங்கில் தோலை ரகப்படிதான் அடுக்குவோம், ஊர்ப்படி அடுக்கி யாருக்கும் பழக்கமில்லை.

அடுத்த லோடு பத்து நாளில் வரும். நான் காத்திருந்திருக்கலாம். இல்லை, பதினைந்து சீட்டிலும் தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம், நீயே சொன்னபடி. பேனாவை எடுத்துவிட்டு யோசித்தேன். ரகம் பிரிக்கிற ஹாலில் காதர் பாயும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேஸ்திரி, இப்ப இன்னா பண்ணுவே?" என்று ஒருத்தன் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோலைப் பார்த்து ஊர் சொல்கிறவன் தெரியாது என்று பதினைந்து தடவை எழுதுவதா? குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். முள் கீறல் இருந்ததை ஆலங்காயம் என்று எழுதினேன், உப்பு பொடியாக இருந்ததை வேறொரு மலையோர ஊர் என்று எழுதினேன். ஒரு தோலில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதற்கும் ஒரு ஊர் எழுதினேன். கையெழுத்து மட்டும் எல்லாவற்றிலும் அழகாக இருந்தது.

உன் கிளைப்படம் வந்தபோது மலைச் செம்மறிகள் ஒரே இடத்தில் இல்லை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. சில ஆந்திரா கிளைக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தன. அந்தக் காலத்தில் மேய்ச்சல்காரர்கள் மலையைத் தாண்டிப் போய் வந்ததில் கலந்திருக்கும் என்று நீ ஒரு விளக்கம் எழுதினாய். நல்ல விளக்கம், கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பெங்களூரில் ஆராய்ச்சிக்காரர்களின் பெரிய கூட்டத்தில் அதைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டினாய். கீழே நன்றி என்று போட்டு என் பேரையும் போட்டிருந்தாய். அந்தப் படத்தை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான் பெரிய பிரிண்ட் எடுத்துக் கம்பெனி ஹாலில் ஒட்டினேன். பேரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். அந்த வாரம் முழுக்க டீ என் செலவு. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அந்தப் பதினைந்தும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பதில் பதினைந்துதானே, அதிலும் பத்துச் சீட்டாவது சரியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் உன் மேடம் இன்னொரு மாணவரை மலைக்கு அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகப் போய், ஆட்டுக்காரர் முன்னால், உயிரோடு நிற்கிற ஆட்டிடமிருந்து எடுத்து வந்தார். அந்தச் செம்மறிகள் அத்தனையும் ஒரே கிளையில் சேர்ந்து நின்றன. உன்னுடையது மட்டும் பொருந்தவில்லை. எழுத்துகளில் பிழை இல்லை, குப்பிகள்தான் எங்கோ மாறியிருக்கின்றன என்று முடிவானது. உன் நோட்டுகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு தேடினாய். ஒரு இடத்திலும் தப்பு கிடைக்கவில்லை. கிடைக்காததால், தனக்கே தெரியாமல் தன் கை எங்கோ தவறியிருக்கிறது என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய்.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலுக்கு வந்தாய். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, தப்பா எடுத்துக்காத. சீட்டுல எழுதனது எல்லாம் கட்டு மேல இருந்த ஊருதான?" அந்த ஒரு நிமிஷத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கத்தினேன். "முப்பது வருஷமா இதே வேலை பாக்கறேன். என்னையே சந்தேகப்படறியா? உன் தப்ப மறைக்க அப்பன் தலையில கட்றியா?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என் நெஞ்சு கத்தியது. நீ பயந்து, "சாரிப்பா, சாரி, சும்மாதான் கேட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். சாயந்திரம் நான் திரும்பி வந்தபோது எனக்குப் பிடித்த கேசரி செய்து வைத்திருந்தாய். அதையும் சாப்பிட்டேன்.

நான் செய்ததில் கேவலமானது எது என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். பொய்ச் சீட்டு எழுதியது திமிர். அதை மறைத்தது பயம். ஆனால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டபோது அதை வாங்கிக்கொண்டேனே, அதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாய். "படிச்ச வரைக்கும் போதும்மா, எல்லாருக்கும் எல்லாம் அமையாது" என்று பெரிய மனுஷன் மாதிரி உன் தலையைத் தடவினேன். இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாய். ஒவ்வொரு குப்பியின் சீட்டையும் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறாய், கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்று ஒருநாள் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு நீ பஸ் ஏறிய பிறகு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீங்க' தவிர வேறு சொன்னதில்லை அவள். "மூணு வருஷமா அந்தப் பொண்ணு தன் கைய தானே சபிச்சினு கீது. நீ பாத்துனு இருந்தியா? சோறு எறங்கிச்சா உனக்கு?" என்றாள். "நீயா சொல்றியா, நான் சொல்லட்டுமா? அதுக்கப்புறம் என்கிட்ட பேசு" என்றாள். இன்று வரைக்கும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள்.

திங்கட்கிழமை காதர் பாயிடம் சொன்னேன். அவராவது அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அந்த பதினஞ்சி எனக்கே தெரியுமே மேஸ்திரி, பாத்துனுதான இருந்தோம். பொண்ணு படிப்பு கெட்டது அதாலன்னு தெரியாது. அல்லா சத்தியமா தெரியாது" என்றார். அதோடு விடாமல், "ஆனா மத்த இருபத்தஞ்சி மட்டும் இன்னா சரியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "கட்டு மேல போடறது வாங்குன சந்தை பேருப்பா. ஆடு பொறந்த ஊரா அது? குப்பத்து ஆடு வாணியம்பாடி சந்தைக்கு வருது, மலை ஆடு கீழ வந்து கசாப்புக்குப் போவுது. எந்த ஆட்ட எவன் எங்க வித்தான்னு யாருக்குத் தெரியும்? தோல் யாவாரிக்கு அது தேவையே இல்லியே" என்றார்.

முப்பது வருஷம் அந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறேன் ரேவதி. ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. நான் தோலைப் புரட்டி ஊர் சொன்னபோது நான் படித்தது அந்தந்தச் சந்தைக் கசாப்புக்காரரின் கத்தி வெட்டை, அவர் போட்ட உப்பை, ஆடு கடைசியாக மேய்ந்த இடத்து முள்ளை. அது அட்டையோடு ஒத்துப்போனதில் ஆச்சரியம் என்ன, இரண்டும் ஒரே சந்தையிலிருந்து வந்தவைதானே. அந்த ஆடு எந்த வம்சத்தில் வந்தது என்பதைப் பற்றி என் கண்ணுக்கு ஒரு விஷயமும் தெரியாது. நீ திமிங்கலத்தை வைத்து எனக்கு அதையேதான் சொல்லியிருக்கிறாய். கேட்டுக்கொண்டே என் தட்டைக் காலி செய்தேன். நான் நேர்மையாக எழுதியதாக நினைத்த இருபத்தைந்து சீட்டும் உனக்கு உதவாதவை. மலைக்குப் போகிறேன் என்று நீ எடுத்த முடிவுதான் சரி. உன்னைப் போகவிடாமல் வாசலில் நிறுத்தியவன் நான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு யாராவது உனக்குக் குப்பி கொடுத்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எவ்வளவு பாசமானவராக இருந்தாலும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேள். கோபப்பட்டால் இன்னொரு தடவை கேள். கோபப்படுகிறவரிடம் சாரி சொல்லாதே.

நேற்று மத்தியானம் தபால் ஆபீஸில் உன் மேடத்துக்கு ஒரு பதிவுத் தபால் போட்டேன். அவர்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்று நீ சொல்லியிருக்கிறாய். பதினைந்து சீட்டை நான் என்ன லட்சணத்தில் எழுதினேன், மற்ற இருபத்தைந்தும் ஏன் உதவாது, நீ கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் எழுதியிருக்கிறேன். காதர் பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் ஹாலில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து அதைப் படித்தேன். பாதியில் தாளைக் காதர் பாயிடம் கொடுத்துவிட்டேன், மீதியை அவர் படித்தார். அன்றைக்கு ரோஷம் மூட்டிச் சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் என்ன செய்வான், எழுதியது நான்.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் ஹாஸ்டலுக்கு வந்துவிடும் என்று சொன்னார்கள். மறுநாள் நீ பதில் எழுத வேண்டும். போவதும் போகாததும் உன் இஷ்டம். அதில் நான் இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். என்னை மன்னிப்பது பிறகு ஆகட்டும், ஆகாமலே போகட்டும், ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் எழுத உட்காரும்போது உன் கையை ஒருதரம் பார் அம்மா. அதில் ஒரு குற்றமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

அப்பா